தொடுகையும் திருவருளும்

சேலம் நாமக்கல் நாட்டிலே எம்மிடம் சித்தாந்த பாடங் கேட்டுவரும் இளைஞர் ஒருவர், சென்ற மார்கழித் திங்களில் வந்து ஒரு வினா விடுத்தார். அவர் விசைத்தறி நெய்யுங் குடியிற் பிறந்தவர். சமயதீக்கை பெற்று நாடோறும் திருவைந்தெழுத்து ஓதுபவர். சிவஞானபோதத்தில் எட்டாஞ் சூத்திரமளவும் பாடங் கேட்டவர். ஈராண்டுகளுக்கு முன் அவர் ரெய்கி எனப்படும் சப்பானியத் தொடுமுறையைப் பொருள் கொடுத்துப் பயின்று, முதற்படியும் இரண்டாம்படியும் கடந்து, பயிற்சி மாணாக்கர் என்னும் நிலையில் அயலார்க்குக் கைவைத்து வருகின்றனர் என்பதை அன்றுதான் யாம் அறிந்தோம். "ரெய்கி பயிலலாமோ?" என்று அவர் வினாவியிருப்பின் ஆமென்றோ அன்றென்றோ ஒரு சொல்லில் விடுத்திருத்தல் கூடும். அவர் வினாவியது, "ஐயா, யான் செய்தது பாவமாகுமோ?" என்பது. ஆகலின் யாம் உடனே விடை கூறாது, நடந்ததனை முற்றவுங் கூறுமாறு கேட்டோம்.

அவர்தம் அன்னையார் தறிவேலையால் தோள் நொந்தவர். மகனார் இரவுதோறும் அரைமணி நேரம் அவர் தோளின்மீது கைவைத்திருக்க, நோவு தணிந்து உறக்கம் வந்தது. அதனைக் கேட்ட அயன்மனை மூதாட்டியார் ஒருவர் தமக்கும் அவ்வாறு செய்ய வேண்டினர். அவர் கணவரை யிழந்து தனித்திருப்பவர். பல்லாண்டாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்பவர். மாணாக்கர் வாரம் இருமுறை சென்று கைவைத்தனர். மூதாட்டியார்க்கு உடம்பு இலேசாயிற்று, முகமும் மலர்ந்தது. சின்னாட் கழித்து அவர், "கண்ணு, உன் கை பட்டாலே போதும், இந்த மாத்திரை எதுக்கு?" என்றனராம். மாணாக்கர் உடன்பட்டிலர், மறுத்ததும் இலர், நகைத்து வாளா விருந்தனர். "மாத்திரையை விடுங்கள் என்று யான் ஒருகாலுஞ் சொல்லவில்லை" என்று எம்மிடம் மும்முறை கூறினர். மூன்று திங்களில், காலிற் பட்ட சிறுபுண் ஆறாது பெருகி, அரசு மருத்துவமனையில் இரண்டு விரல்கள் களையப்பட்டன. மாணாக்கர் தமக்கு ரெய்கி கற்பித்தவரிடஞ் சென்று முறையிட்டபோது, "நீ ஆற்றல் பாயும் வாய்க்கால் மட்டுமே, விளைவு உன்னுடையதன்று, அது அவ்வம்மையார் வினை" என்று அவர் கூறி விடுத்தனராம். அச்சொல் மாணாக்கர்க்கு ஆறுதலாகவில்லை. அவர் எம்மிடம் வந்தது அதனாலேயாம்.

அவர் இசைவு பெற்றே இதனை ஈண்டு எழுதுகின்றோம். இத்தகைய வினா மடங்களிலும் பாடசாலைகளிலும் இன்று அடிக்கடி எழுகின்றது. அதற்கு இருதிறத்தார் இருவகையாக விரைந்து விடை கூறுதலைக் கேட்டுள்ளோம். ஒருசாரார், "அது புறநாட்டார் முறை, சைவர்க்கு ஆகாது" என்று தள்ளுவர். மற்றொருசாரார், "அது நம்முடைய பரிசதீக்கையே, பௌத்தரோடு சப்பானுக்குச் சென்று வேறு பெயரோடு திரும்பி வந்தது" என்று தழுவுவர். முன்னையோர் ஆராயாது தள்ளினர். பின்னையோர் ஆராயாது கொண்டனர். புறநாட்டிற் பிறந்தமை ஒன்றே குற்றமாயின், அம்மூதாட்டியாரைக் காத்த மாத்திரையும் புறநாட்டிற் பிறந்ததன்றோ?

ரெய்கி என்பதன் வரலாற்றை முதற்கண் அறிந்துகொள்வாம். அது 'ரெய்', 'கி' என்னும் இரு சொற்களாலாயது. முன்னது தெய்வத்தன்மையையும் பின்னது உயிர்ப்பையும் குறிக்கும். இதனைத் தோற்றுவித்தவர் மிக்காவோ உசுயி (1865–1926) என்னும் சப்பானியர். கியோத்தோ நகரை அடுத்த குராமா மலையில் 21 நாள் உண்ணாநோன்பு இருந்தபோது அவ்வாற்றல் தம்மீது இறங்கிற்று எனக் கூறி, 1922-ஆம் ஆண்டில் தோக்கியோவில் ஒரு கழகம் நிறுவினார். 1923-ஆம் ஆண்டுப் பெரு நிலநடுக்கத்தில் துன்புற்றார் பலர்க்கு அவர் கைவைத்தார் என்று, அவர் மறைந்தபின் 1927-இல் நாட்டப்பெற்ற நினைவுக்கல் கூறும். இன்றைக்குச் சினவாமை, இன்றைக்குக் கவலாமை, நன்றி பாராட்டல், தன்தொழிலைக் கருத்தொடு செய்தல், உயிர்களிடத்து அன்பு என ஐந்து ஒழுக்கங்களை அவர் தம் மாணாக்கர்க்கு நாடோறும் ஓதுமாறு விதித்தனர். இவ்வைந்தினையும் பழிப்பார் சைவருள் யாவருளர்? 'இன்றைக்கு' என்னும் அளவுபாடு எமக்குப் பெரிதும் உவப்பானது. வாழ்நாள் முழுதும் சினவேன் என்று நோன்பு கொள்வார் அன்று மாலையே சினந்து கெடுதலை யாம் எம்மளவிலேயே கண்டிருக்கின்றோம்.

அவர் மாணாக்கர் சூசிரோ அயாசி என்னும் ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர். அவரிடம் 1935-ஆம் ஆண்டில் நோய்தீர்வான் வேண்டிச் சென்று பின் மாணாக்கியாரானவர் அவாயோ தக்காத்தா (1900–1980) என்னும் அம்மையார். அவாயித் தீவிற் குடியேறிய சப்பானியர்க்குப் பிறந்தவர். 1938-இல் அவர் ஆசிரியநிலை பெற்றார். தம் இறுதிப் பத்தாண்டில் 22 பேரை ஆசிரியராக்கினார். அந்நிலைக்கு அவர் வாங்கிய காணிக்கை 10,000 அமெரிக்க வெள்ளி. உசுயி கிறித்தவப் பள்ளியொன்றின் தலைவரென்றும், சிக்காகோ பல்கலைக்கழகத்திற் பயின்றவரென்றும் அவர் வழியில் ஒரு கதை வழங்கிற்று. பின்வந்தோர் தேடியபோது அப்பல்கலைக்கழக ஏடுகளில் உசுயியின் பெயர் காணப்படவில்லை. உலகப்போரின் பின் சப்பானியர்மீது பகைமை மிக்கிருந்த நாட்டில் ஒரு சப்பானிய முறையை நிலைபெறுத்தற்கு அக்கதை பயன்பட்டது போலும். குருமரபினைத் தலைமேற்கொண்டு போற்றும் மடங்களைச் சார்ந்தோர்க்கு இது சிறு செய்தியன்று. மூன்றாம் தலைமுறையிலேயே முதலாசிரியர் வரலாறு வேறாயிற்று. இந்நாட்டிற்கு இம்முறை சென்ற நூற்றாண்டின் இறுதியிற் பரவிற்று. முதற்படியில் கைவைக்கும் இடங்களும், இரண்டாம்படியில் சில குறிகளும், தொலைவிலுள்ளார்க்கு ஆற்றல் அனுப்புதலும், மூன்றாம்படியில் பிறரை ஆசிரியராக்கும் முறையும் கற்பிப்பர். முதற்படிக்குப் பெரும்பாலும் இரண்டு நாள் போதும் என்பர்.

இனி, இவர்கள் ஆற்றல் என்று கூறுவது யாது என வினாவுவாம். சித்தாந்தத்தில் உள்பொருள் பதி, பசு, பாசம் என மூன்றே. அவ்வாற்றல் பாசத்தின் பாற்பட்டதெனின், மாயையின் காரியமாகிய சடமாதல் வேண்டும். உயிர்ப்பு எனப்படும் பிராணனும் மாயேயமாகிய காற்றின் வேறுபாடேயன்றிச் சித்தன்று. சடமாயின் அது ஏனைச் சடப்பொருள்கள் போல அளத்தற்கும் ஆய்தற்கும் உரியது. நெருப்பின் வெம்மை, அதனை நம்புவார்க்கும் நம்பாதார்க்கும் ஒப்பச் சுடும். அங்ஙனம் ஆய்ந்தார் உளரோ எனின், உளர். 2008-ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், உடலெங்கும் தசைநோவுற்றார் 100 பேரை வகுத்து, ஒரு சாரார்க்கு ரெய்கி ஆசிரியரையும், மறுசாரார்க்கு அவ்வாசிரியர் போல நடிப்பாரையும் கொண்டு எட்டு வாரம் செய்வித்தனர். தம்மிடம் வந்தவர் ஆசிரியரோ நடிப்பவரோ என்பதை நோயாளர் அறியார். முடிவில் இரு திறத்தார்க்கும் வேறுபாடு காணப்படவில்லை. இதனை ஒத்த வேறொரு தொடுமுறையை, எமிலி ரோசா என்னும் சிறுமி தன் ஒன்பதாம் அகவையில் ஆய்ந்தனள். அது 1998-இல் மருத்துவ ஏடொன்றில் வெளிவந்தது. தடுப்பின் துளைகள் வழியே பயின்றோர் தம் இருகைகளையும் நீட்ட, அவற்றுள் ஒன்றன் அருகே சிறுமி தன் கையைக் கொணர்வாள்; எக்கையருகே என்று அவர் கூறல் வேண்டும். 21 பேரைக் கொண்டு 280 முறை செய்ததில் 123 முறையே சரியாகக் கூறினர். கண்ணை மூடிக்கொண்டு கூறியிருப்பினும் 140 முறை வாய்த்திருக்கும்.

அற்றேல், அவ்வாற்றல் சடமன்று, தெய்வத்தன்மையதே எனின், அப்பொழுது அது பதியின் சத்தியாதல் வேண்டும். சத்தி சிவத்தின் வேறன்று. ஞாயிறும் ஒளியும் போலத் தாதான்மியமாயது. அஃது அறிவும் விழைவுமுடையது; யாரிடத்து எப்பொழுது எவ்வாறு பதிதல் வேண்டுமென்பது உயிரின் பக்குவமறிந்து அதுவே நிகழ்த்துவது. இரண்டுநாட் பயிற்சியாலும் எழுதிய குறிகளாலும் ஏவிய பக்கம் பாயுமாயின், அஃது அருளன்று, ஏவலாள். ஆகவே இருதலையானும் இடர்ப்பாடே. சடமாயின் சோதனையில் நின்றிலது. சித்தாயின் மாணாக்கர் கைக்கு அடங்காது. அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்களும் 2009-ஆம் ஆண்டில் இம்முறையை ஆராய்ந்து, அறிவியலாலும் தம் சமயத்தாலும் தாங்கப்படாதது எனத் தம் நிறுவனங்களிலிருந்து விலக்கினர். வேறு சமயத்தார் வேறு வழியாற் சென்று இவ்விடத்தேயே வந்து நின்றமை குறிக்கத்தக்கது.

பரிசதீக்கையோடு இதனை ஒப்பிடுவார்க்கு ஒன்று கூறுவாம். சிவஞானசித்தியார் எட்டாஞ் சூத்திரத்தில் அருணந்தி தேவர் நயனம், பரிசம், வாசகம், மானதம், சாத்திரம், யோகம், ஔத்திரி எனத் தீக்கையை வகுத்தோதினர். அவையெல்லாம் பாசமோசனத்தின் பொருட்டு என்பதும் அவ்விடத்தே அவர் கூறியதே. ஆசிரியர் தம் கையைச் சிவத்தின் கையாகப் பாவித்து மாணாக்கன் முடிமேல் வைப்பது அவன் தோள்நோவு நீங்குதற்கன்று. தீக்கை பெற்றாரும் காய்ச்சலுறுவர், மூப்புறுவர், மாய்வர். பிராரத்தம் உடம்பினளவாய் நின்று நுகர்ந்து கழியும் என்பது ஆசிரியர் பலர்க்கும் உடம்பாடு. எனவே, கை தலைமேற் படுதல் என்னும் புறத்தோற்றம் ஒன்றே இரண்டற்கும் பொது. தாய் குழவியைத் தொடுதலும், மருத்துவர் நாடி தொடுதலும், பகைவன் அடித்தலுங்கூடக் கைபடுதலே.

இனி, நோய்தீர்த்தல் நம் ஆசிரியன்மார் வரலாற்றில் இல்லையோ எனின், உண்டு; அதுவும் இந்நாட்டிலேயே உண்டு. திருச்செங்கோடு எனப்படும் கொடிமாடச் செங்குன்றூரில் ஆளுடைய பிள்ளையார் எழுந்தருளியிருந்தது, இன்று பேருந்துகளும் சரக்குந்துகளும் சுற்றிச்செல்லும் அம்மலையின் அடியிலேயாம். அங்கிருந்து திருநணாவாகிய பவானி சென்று வணங்கி மீண்டு, அப்பதியில் அமர்ந்திருந்த நாளில் பனிக்காலம் வந்தது. உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றிற்று. இந்நாட்டின் மலைச்சாரல்களில் அண்மைக்காலம் வரை மலேரியாக் காய்ச்சல் மிகுந்திருந்தமையின் அதுவும் அதுவே என்று கருதுவாரும் உளர். எம் கருத்திற்கு அதன் பெயர் வேண்டா. அடியார்கள் சென்று விண்ணப்பித்த பொழுது, இது இந்நிலத்தின் இயல்பாயினும் நம்மைப் பற்றுதல் கூடாது என்று கொண்டு, பிள்ளையார் திருநீலகண்டப் பதிகம் அருளினர். அடியார் சுரம் நீங்கியதோடு அந்நாடு முழுவதும் அந்நோய் தீர்ந்தது என்பது சேக்கிழார் பெருமான் வாக்கின் கருத்து.

இவ்வரலாற்றில் நம் மாணாக்கர் உற்றுநோக்கற்பாலன மூன்று உள. பிள்ளையார் எவரையுந் தொட்டிலர். அப்பதிகத்தின் தொடக்கத்திலேயே அவர் எடுத்துக்கொண்டது நோயின் பெயரையன்று, வினை என்னும் சொல்லைச் சொல்லி வாளாவிருக்கும் வழக்கத்தையே. முன்செய்த வினைக்கு இது பயன் என்று அறிந்து கூறிவிட்டு உய்யும் வழியை நாடாதிருத்தல் உங்கட்குக் குறையன்றோ என்று அடியாரை இடித்துரைக்கின்றார். "அது அவ்வம்மையார் வினை" என்று கூறி மாணாக்கரை அனுப்பிய அவ்வாசிரியரை இவ்விடத்தில் நினைவு கூர்கின்றோம். சித்தாந்திகள் வினையை உடன்படுபவராகலின் அச்சொல் தமக்கும் இயையும் என மயங்குதல் கூடாது. பிறர் துன்பத்தை நோக்கி நாம் வினை என்று கூறுங்கால், அச்சொல் பெரும்பாலும் நம்மைக் காத்துக்கொள்ளுதற்கே எழுகின்றது. மூன்றாவது, பிள்ளையார் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுக் கூறினர். ஆணையிடுவார் தம்மையே பிணையாக வைப்பவர். தீர்ந்தால் என்னால், தீராவிடின் உன் வினையால் என்னும் இரட்டைக் கணக்கிற்கு அங்கே இடமில்லை.

திருப்பாச்சிலாச்சிராமத்திற் கொல்லிமழவன் மகளுக்கு நிகழ்ந்ததும் இத்தகையதே. கொல்லிமலை நாட்டையுடைய அத்தலைவன், முயலகன் என்னும் நோயால் உணர்விழந்த மகளை, செய்வகை யறியாது, கோயிலிற் கொணர்ந்து கிடத்தினான். பிள்ளையார் அவளைக் கண்டு இரங்கி, இச்சிறுபெண்ணை இவ்வாறு வாடச்செய்தல் நுமக்கு மாண்பாகுமோ என்று இறைவனையே வினாவிப் பாடினர். ஆற்றலை ஏவிய குரல் அன்று அது. நோயுற்றாளுக்காக வழக்குரைத்த குரல். அப்பெண் எழுந்து தந்தையிடஞ் சென்றாள். பிள்ளையார் அதன்பின் முயலகன் தீர்க்கும் முறை என ஒன்றை வகுத்து, படிகளாக்கிப் பயிற்றினாரல்லர்.

ரெய்கி பயில்வார் தம்மை வாய்க்கால் என்று கூறிக்கொள்ளும் சொல்லே இவ்வாராய்ச்சியின் நடுநிற்பது. முதற்கண் கேட்பார்க்கு அது பணிவாகத் தோன்றும். யான் செய்யவில்லை, என் வழியே நிகழ்கின்றது என்பது சித்தாந்தத்தின் இறைபணிநிற்றல் போலவே ஒலிக்கும். சிவஞானபோதம் பத்தாஞ் சூத்திரத்திற் கூறப்படும் அந்நிலை எத்தகையது? மலபரிபாகமும் சத்திநிபாதமும் எய்தி, ஞானாசிரியர் உணர்த்த உணர்ந்து, யான் எனது என்பன அற்ற உயிர் இறைவனோடு ஒன்றாய் நிற்கும் நிலை அது. சாதனத்தின் முடிவில் வருவது. நம் மாணாக்கர்க்கோ அது முதல்நாட் பிற்பகலிலேயே வழங்கப்பட்டது. யான் என்பது நீங்காதிருக்க, யான் அல்லேன் என்று சொல்லப் பழகிய ஒருவர் அப்பழக்கத்தால் பெறுவது யாது? புகழ் வருங்கால் அது உள்ளே வந்து இனிக்கின்றது. பழி வருங்கால் வாய்க்காலில் ஓடிப் போய்விடுகின்றது. "உன் கை பட்டாலே போதும்" என்று மூதாட்டியார் கூறியபோது மாணாக்கர் நகைத்தனர் அன்றோ? அந்நகையில் யான் இருந்தது. அதனை அவரே எம்மிடம் ஒப்புக்கொண்டனர், யாம் கேட்கவில்லை. விரல்கள் களையப்பட்ட பின் வாய்க்கால் என்னுஞ் சொல் அவர்க்கு நீட்டப்பட்டபோது, அதனை அவர் கொள்ளாது மீண்டமை கொண்டே, அவர் கேட்ட எட்டுச் சூத்திரமும் வீண்போகவில்லை எனக் கருதுகின்றோம்.

யான் என்பது நிற்குமளவும் செயலும் நிற்கும். செயல் நிற்குமளவும் ஆகாமியம் ஏறும். வாய்திறந்து கூறியதால் மட்டுமன்று, கூறற்பாலது கூறாமையாலும் வினை ஏறும். "மாத்திரையை விடாதீர்கள் அம்மா, யான் இன்னுங் கற்பவன், இது நோயைத் தீர்க்கும் என்று எனக்குத் தெரியாது" என்னும் மூன்று வாக்கியங்கள் அவர் கூறியிருக்கற்பாலன. மாணாக்கர் என்னும் சொல்லே அவ்வுண்மையை உட்கொண்டது. மருத்துவக் கல்லூரி மாணாக்கர் தம் ஆசிரியர் கண்முன்னன்றி நோயாளரைத் தொட விடப்படார்; இவரோ தனித்து ஒரு தனிமனையிற் சென்று, தம் அறியாமையை அறிவிக்காது கைவைத்தனர். அம்மையார் எழுத்தறியாதவராயின் என்? அவர்க்கு உண்மை கூறுதற்கு எழுத்து வேண்டா.

ஈண்டுச் சிலர் கடாவுவர்: "ரெய்கியைச் சோதனை கொண்டு தள்ளுகின்றீர், நும் திருநீற்றை அவ்வாறு சோதிக்க ஒருப்படுவீரோ? பாண்டியன் வெப்பு நோயைத் தீர்த்ததும் திருநீறன்றோ? திலகவதியார் தம்பியார்க்கு அளித்ததும் அதுவன்றோ?" இக்கடா எளிதில் ஒதுக்கற்பாலதன்று, நம்மவர் பலர் இதனைச் சினந்து ஒதுக்குவர். யாம் அவ்வாறு செய்யோம். திருநீறு பூசினால் இன்ன நோய் இத்தனை நாளில் தீரும் என்று எவரேனுங் கூறுவராயின் அவர் கூற்றும் சோதனைக்குரியதே; சோதனையில் தோற்குமாயின் தோற்றதே. சித்தாந்தம் அவ்வாறு கூறவில்லை. திருவொற்றியூரிற் கண்ணிழந்த நம்பியாரூரர், ஒரு கண்ணைக் காஞ்சியிலும் மற்றொரு கண்ணைத் திருவாரூரிலும் பெற்றனர். இடைவழியெல்லாம் கோலூன்றி நடந்தனர். தோழமை கொண்டார்க்கே அருள் கேட்டவுடன் வாரா தாயின், அதனை நாழிகை குறித்து விற்பார் யாவர்? நம் நாட்டில் மந்திரித்துக் கயிறு கட்டுவாரும், பாடம் போடுவாரும், வேப்பிலை அடிப்பாரும் உளர். அவருட் பலர் கைம்மாறு கருதாதவர், "மருத்துவரிடமும் போங்கள்" என்று கூறி விடுப்பவர். அவரை யாம் குறைகூறோம். கோயில் வாயிலிலே திருநீற்றுப் பொட்டலத்தை மருந்தென்று விலைகூறி, மருத்துவமனையை மறக்கச் செய்வாரும் உளர். நோய்தீர்க்கும் தாயத்து மந்திரம் முதலியவற்றை விளம்பரஞ் செய்தலை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருப்பது இவரையும் நோக்கியே. அவர் நெற்றியில் மூன்று கீற்று இருத்தல் பற்றி அவர் குற்றம் சிறிதாகாது, பெரிதாகும்.

இதனோடு நம்மையும் ஒருமுறை நோக்குதல் வேண்டும். அம்மூதாட்டியார் முகம் மலர்ந்தது பொய்யன்று. வாரம் இருமுறை ஒருவர் வந்து, தம்மருகே அரைமணி நேரம் அமர்ந்து, பேச்சின்றி, அவசரமின்றித் தோளிற் கைவைத்தால் தனித்திருப்பார் எவர்க்கும் முகம் மலரும். நோவுந் தணிதல் கூடும். அதற்குப் பேராற்றல் எதுவும் வேண்டா. அத்தெருவிற் சைவர் இல்லங்கள் பலவுள. திருமுறை முற்றோதுதலும் ஆண்டுதோறும் நடக்கின்றது. அம்மனைக்கு யாரும் சென்றிலர். யாமும் அத்தெருவழியே பன்முறை நடந்துள்ளோம். பண்டை நாளில் திருக்கோயில்கள் இதனை எண்ணியிருந்தன. வீரராசேந்திரசோழர் காலத்துத் திருமுக்கூடற் கல்வெட்டு, அங்குள்ள பெருமாள் கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலசாலை இருந்தமையைக் கூறுகின்றது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோர்க்கு நிவந்தம் விதிக்கப்பட்டது. வைத்திருக்கும் மருந்துகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டன. வைணவர் கோயிலாயின் என்? தெய்வத்தை நம்பினார் மருந்தையும் நிறுத்து வைத்தனர், பேணுதற்கு ஆளையும் வைத்தனர். இரண்டையும் ஒன்றாகக் குழப்பினாரல்லர். இன்று மருந்து மருத்துவமனையிற் கிடைக்கின்றது. அருகிருந்து பேணும் ஆள்தான் கிடைப்பதரிது. அவ்விடம் வெறிதாய்க் கிடக்கவே, பொருள் கொடுத்துப் பயின்ற ஒருவர் அதில் வந்து அமர்ந்தனர்.

ஆதலின் மாணாக்கர்க்கு யாம் கூறியது இது. செய்தது குற்றமே. அதன் அளவு, மூதாட்டியார் கேட்டபோது உண்மை கூறாதிருந்தமையளவு. கைவைத்தது குற்றமன்று. இனியும் அன்னையார் தோளிற் கைவைக்கலாம், மகனாக. மூதாட்டியார் மனைக்கும் செல்லலாம், செல்லவேண்டும்; மாத்திரை உண்டனரா என்று கேட்டற்கும், புண்ணைக் கழுவிக் கட்டுதற்கும், மருத்துவமனைக்கு உடன்செல்லுதற்கும். அப்பணியைத் தம் செயலென்று கொண்டால் பசுபுண்ணியம். இறைவனுக்கென்று செய்தால் சிவபுண்ணியம். எவ்வாறாயினும் புண் கழுவப்படும். வாய்க்கால் என்னுஞ் சொல்லை மட்டும் விடுக என்றோம். இரண்டாம்படியிற் கற்ற குறிகளைப் பற்றி வினாவினர்; எழுதுதலும் எழுதாமையும் ஒன்றே என்றோம். மூன்றாம்படிக்கு முன்பணம் கட்டியிருப்பதாகவும் கூறினர். அது அவர் பொருள்; யாம் ஒன்றும் கூறவில்லை.

ஒன்று மட்டும் எம்மால் முடிவு செய்யக் கூடவில்லை. சமயதீக்கை பெற்ற ஒருவர், வேறோர் ஆசிரியர் தலைமேற் கைவைத்துச் செய்யும் இத்தகைய திறப்புச் சடங்கை ஏற்றமையால் பிராயச்சித்தம் வேண்டுமோ என அவர் வினாவினர். அச்சடங்கு பாசமோசனங் கருதியதன்மையின் தீக்கையாகாது. தீக்கையாகாதாகலின் பரசமயதீக்கை பெற்ற குற்றமும் இல்லை என்பது எம் கருத்து. வேறு வகையாகக் கருதும் ஆசிரியன்மார் இருப்பராயின், பத்ததிகளை ஆராய்ந்து இவ்விதழுக்கு எழுதுவாராக. அவ்விடை வருமளவும் காத்திராது, மாணாக்கர் தாம் கைவைத்த ஏனை எழுவர் மனைக்கும் சென்று, தாம் இன்னுங் கற்பவரே என்பதைக் கூறிவரப் புறப்பட்டனர். தைப்பூசத்தின் மறுநாள் வந்து, நால்வரிடம் கூறியாயிற்று, மூவர் எஞ்சியுள்ளனர் என்று தெரிவித்தனர்.